உரக்கப் பேசியவள்

அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது பொறாமைதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிவு பிறகுதான் வந்தது, அதுவும் அரைகுறையாக.

அவளுக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது. ஒருமுறை திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு இரண்டு பேரும் போயிருந்தோம். பெண்பிள்ளைகள் வாங்குகிற துணி என்பதால் கடைக்காரர் முன்னால் குனிந்து, உதடு அசையாமல், "என்ன தைக்கதுக்கு?" என்று கேட்டார்.

"உள்பாவாடைக்குத்தான் அண்ணாச்சி. ரெண்டரை கெஜம் கிழிங்க" என்றாள் அவள். கடையில் இருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாப்ளின் அடுக்கியிருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "ஏன் டீச்சர் இப்படி மானத்தை வாங்கறேள்?" என்று கேட்டேன்.

"உள்பாவாடை எல்லாரும்தானே கெட்டுறோம்? இதுல என்ன ரகசியம் இருக்கு?" என்றாள்.

யாராவது காதருகே வந்து ஏதாவது சொல்ல முயன்றால் தலையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். "எனக்குக் காது நல்லாக் கேக்கும். தள்ளி நின்னே சொல்லுங்க" என்பாள். அதைச் சொல்லும்போது முகத்தில் கோபம் இருக்காது. ஆனால் சொன்னவர் தள்ளி நிற்கும்வரை பேச்சைத் தொடரமாட்டாள்.

எனக்கு வீடு வலியசாலை அக்ரஹாரத்தில். பம்பாய்க்கு வேலைக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை, கடிதமும் நின்றுபோனது. நான் குடத்தோடு குழாயடிக்குப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். நான் தாண்டிப் போன பிறகு தணிந்த குரலில் மறுபடி தொடங்கும். அப்படிப்பட்ட தெருவிலிருந்து போகிறவளுக்கு அவள் போடுகிற சத்தம் எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! உள்ளுக்குள் எவ்வளவு ஆசையாகவும் இருந்தது!

ஆனால் அவள் தொடக்கத்தில் அப்படிப் பேசியவள் இல்லை.

அவள் வந்தது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்யமாகச் சேர்ந்த சமயம். கிறிஸ்தவ சபை நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில் எனக்கு வேலை. நான் சேர்ந்து நாலு வருடம் கழித்து அவள் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துக் கிராமம், கிறிஸ்தவக் குடும்பம். அப்பா கொத்தனார். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. பூப்போட்ட வாயில் சேலையும் முழங்கை வரை ஜாக்கெட்டுமாக, பாதி தாழ்வாரத்துக்குக்கூடக் கேட்காத குரலில், "வணக்கம் டீச்சர்" என்று சொன்னாள். பாட மட்டும் வாயைத் திறந்தால் பள்ளிக்கூடமே நின்று கேட்கும்.

பள்ளிக்கூடத்துக்கு மானேஜர் ஒரு பாதிரியார். ஊர் வழக்கப்படி அச்சன் என்போம். ஐம்பது வயதிருக்கும். பிரசங்கம் செய்யும்போது கணீரென்று ஒலிக்கிற குரல், தனியாக ஒருவரிடம் பேசும்போது மட்டும் இறங்கிவிடும். நாம்தான் நெருங்கிப் போய்க் கேட்க வேண்டும். ஒருமுறை அப்படி என்னிடம், "டீச்சரின் கையெழுத்து முத்துப்போல இருக்கு" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் ஒரு வருடம் வைத்துக்கொண்டு வாழ்ந்தேன்.

அவள் வந்த ஆறாம் மாதம் மேல்வகுப்புத் தமிழ் அவளுக்குப் போனது. எனக்கு வேண்டுமென்று நான் கேட்டுக்கொண்டிருந்த வகுப்பு அது. பிறகு பாடகர் குழுவுக்கு அவள் தலைவி. பிறகு அச்சன் அவளுக்குக் கறுப்பு நிறத்தில் ஒரு சீமைப் பேனா கொடுத்தார். அதன் மூடியில் இருந்த தங்கக் கோடு எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கடைசியில், பள்ளிக்கூடம் விட்ட பிறகு ரிஜிஸ்டர் எழுத அவளைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னிடம் சொன்னவர், எழுத அவளைக் கூப்பிடுகிறார். என்னால் தாங்க முடியவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம். எல்லோரும் குடையை எடுத்துக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவள் என்னிடம் வந்து என் புத்தகக் கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், இன்னைக்கு எனக்க கூடப் பங்களா வரைக்கும் வாறீங்களா? உள்ள வர வேண்டாம். சும்மா வராந்தாவுல இருந்தாப் போதும்."

"உங்களைத்தானே கூப்டிருக்கார்? நேக்கு அங்க என்ன ஜோலி?"

"ஒரு மணிக்கூர்தான் டீச்சர்."

"ஒத்தாசைக்கு ஆள் வேணும்னா அச்சன்கிட்டயே கேளுங்கோ. உங்களுக்கு இல்லைன்னா சொல்லப்போறார்?"

அவள் புத்தகக் கட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "செரி டீச்சர்" என்று சிரிக்கப் பார்த்தாள். தூறலில் நனைந்துகொண்டே மைதானத்தைக் கடந்து போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பக்கத்தில் இருந்த மற்ற டீச்சர்களிடம், "மகாராணி தர்பாருக்குப் போறா, பாருங்கோ" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்று காப்பி நன்றாக இறங்கியது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போனது. மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து அப்படியே காக்கைக்குக் கொட்டுவாள். வகுப்பில் கடைசி வரிசைக் குழந்தைகள் பாடம் காதில் விழவில்லை என்று புகார் சொன்னார்கள். பாடகர் குழுவில் பாதிப் பாட்டில் நிறுத்திவிட்டாள் என்றார்கள். எல்லாவற்றையும் நான் மகிழ்ச்சியோடு கவனித்தேன். சலுகை ஜீரணமாகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாதாந்திரக் கூட்டம் ஒன்றில் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரீ ஓர் அறிவிப்புச் செய்தார். மலையாளம் பேசுகிறவர், எங்களோடு தமிழும் கலந்து பேசுவார். ஹாஸ்டல் பொறுப்பை அவளுக்குக் கொடுப்பதென்றும், பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் அறையில் அவள் தங்கிக்கொள்ளலாமென்றும் அச்சன் தீர்மானித்திருக்கிறார் என்றார். எனக்குக் காது அடைத்துப்போயிற்று. ஒன்றரை வருடம் வேலை பார்த்தவளுக்கு ஹாஸ்டல்!

அவள் எழுந்து நின்றாள்.

"நான் போகமாட்டேன் சிஸ்டர்."

"எந்தா டீச்சரே? அச்சன் சொன்னதல்லே?"

"அவரு சொன்னதாலதான் போகமாட்டேன். ஆறு மாசமா ரிஜிஸ்டர் எழுதணும்னு கூப்பிட்டுக் கதவைச் சாத்திகிட்டு என்னைப் பலவந்தம் செய்தாரு. வேண்டாம்னு அழுதேன். பள்ளிக்கூடத்துல படிக்கும்போ ஒரு பையனுக்குக் கடுதாசி எழுதினதைப் பாவசங்கீர்த்தனத்துல பாவம்னு அவர்கிட்டச் சொல்லியிருந்தேன். அதை எனக்க அப்பாகிட்டச் சொல்லிருவேன், வேலையும் போயிரும்னு மிரட்டினாரு."

"பதுக்கே, பதுக்கே" என்று கையை அமர்த்தினார் சிஸ்டர். "குழந்தைகள் கேக்கும்."

"மெதுவாத்தான் இவ்வளவு நாளும் சொன்னேன் சிஸ்டர். உங்ககிட்ட ரெண்டு தடவை மெதுவாச் சொன்னேன். ஜெபம் பண்ணுன்னீங்க. பிஷப்புக்குக் கடுதாசி எழுதினேன். அது அச்சன்கிட்டயே திரும்பி வந்துது. இனி மெதுவாச் சொல்லமாட்டேன்."

"நீ கெட்டுப்போன விவரத்தை நீயே ஊரெல்லாம் சொல்லணுமா?" என்றார் சிஸ்டர்.

"நான் கெட்டுப்போகல. கெட்ட காரியம் செய்தது அவரு."

அந்த அறையில் பதினோரு பேர் இருந்தோம். எல்லோரும் அவரவர் நோட்டைப் பார்த்துக்கொண்டோம். எனக்கு முதலில் வந்தது ஓர் ஆறுதல். அவள் கெட்டிக்காரி என்பதற்காக அச்சன் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லையே என்ற ஆறுதல். எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதுதான் நடந்தது. வராந்தாவில் இருந்தாப் போதும் என்று அவள் கேட்டது அதற்கும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாளே அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் தங்கியிருந்த ஹாஸ்டல் அறையிலிருந்து தகரப் பெட்டியை எடுத்துப் படியில் வைத்துவிட்டார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். யாரும் கிட்டே போகவில்லை, நானும் போகவில்லை. தந்தி கிடைத்து, மூன்றாம் நாள் காலையில் அவள் அப்பா வந்தார். வேட்டி முழுக்கச் சுண்ணாம்புத் திட்டு. வேலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். அடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். வகுப்பை விட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தோம்.

அவர் அவள் எதிரே போய் நின்று, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா."

"வா, வழியில சாப்பிடலாம்" என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான். இரண்டு பேரும் நடந்து போனார்கள்.

அந்தப் பேனாவுக்கும் அந்த வகுப்புக்கும் நான் பட்ட பொறாமை எல்லாம் அன்று பட்டதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. என் கணவரிடமிருந்து இரண்டு வருடம் கடிதம் வராதபோது என் அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்தபடி கேட்டது ஒரே கேள்வி: "நீ என்னடி பண்ணித் தொலைச்சே?"

அச்சனுக்கு உடம்பு சரியில்லை, மாற்றம் என்றார்கள். மாலை போட்டு, சேர்ந்து போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள். அந்தப் போட்டோவில் நானும் நிற்கிறேன், இரண்டாவது வரிசையில்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் திருவனந்தபுரத்துக்கே திரும்பி வந்தாள். கரமனையில் ஓர் ஓட்டு வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்துப் பெண்பிள்ளைகளுக்கு டியூஷன் ஆரம்பித்தாள். ஏன் வந்தாள் என்று ஊரே கேட்டது. "வராம இருந்தா நான் தப்புப் பண்ணி ஓடினேன்னு ஆயிரும். அதான் வந்தேன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாளாம். முதலில் மூன்று குழந்தைகள்தான். கணக்கில் தோற்ற ஒரு பெண் முதல் மார்க்கு வாங்கியதும் முப்பதாயிற்று. என்னிடம் வீட்டில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அவளிடம் மாறிப் போனார்கள். அந்தக் கோபத்தில்தான் ஒருநாள் அங்கே போனேன். வேறு காரணத்தை நானே எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

தெருமுனையிலேயே அவள் குரல் கேட்டது. உள்ளே போனால் ஒரு வேடிக்கை. அவள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும்போது, "பின்னால நான் டீச்சர்" என்று குரல் கொடுத்துவிட்டு அவள் முதுகைக் கடந்தாள். திரும்பும்போதும், "பின்னால நான் டீச்சர்." எல்லாப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள்.

என் பார்வையைப் பார்த்து அவளே சொன்னாள்: "யாராவது பின்னால வந்தாக் கை நடுங்கி சாக்பீஸ் விழுந்திரும் டீச்சர். அதான் பிள்ளைகள்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்." பிள்ளைகள் முன்னாலேயே சொன்னாள். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அதன் பிறகு அடிக்கடி போனேன். இன்னும் மாதா கோவிலுக்குப் போகிறாளா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"போவேன். முதல்ல வாசல்படியிலதான் நிக்க முடிஞ்சுது. தூபம் போட்டா ஓக்காளம் வரும். இப்ப கடைசியில இருந்து நாலாவது பெஞ்சு வரைக்கும் வந்தாச்சு."

"அவாளோட கோவிலுக்கே திரும்பவும் போகணுமா?"

"அது அவருக்க கோவிலா? எனக்க கோவில் டீச்சர். நான் எதுக்கு விட்டுக் குடுக்கணும்?"

எட்டாவது பெஞ்சு, பத்தாவது பெஞ்சு என்று எனக்குச் செய்தி வரும். பரீட்சையில் பாஸான குழந்தை மாதிரி சொல்வாள். இடையில் இரண்டு மாதம் வாசலுக்கே திரும்பிப் போனாள். ஏதோ ஒரு புதுப் பாதிரியார் தோளில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டாராம். அப்போது குழந்தைகளையும் வர வேண்டாமென்று சொல்லிப் படுத்தே கிடந்தாள். பிறகு எழுந்தாள். ஒருநாள் வகுப்பில், "இனி நீங்க குரல் குடுக்க வேண்டாம் பிள்ளைகளே, சும்மாப் போங்க" என்றாள். அன்று சாக்பீஸ் இரண்டு முறை விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டு எழுதினாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு நடந்ததெல்லாம் ஒருவர் எழுதாமல் விட்ட கடிதம்தான். அதிலிருந்தே நான் ஓரங்குலம் நகரவில்லை. இவள் எதிலிருந்து எழுந்து எங்கே போய்க்கொண்டிருக்கிறாள்!

அந்த வாரம் நான் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நீங்க கூப்பிட்டப்போ நான் வந்திருக்கணும்."

குழந்தைகள் போய்விட்டிருந்தார்கள். அவள் நோட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"ஆமா. வந்திருக்கணும்" என்றாள்.

போனால் போகிறது என்று சொல்வாள் என எதிர்பார்த்திருந்தேன். அவள் சொல்லவில்லை. நான் அழுதேன். அதையும் அவள் கண்டுகொள்ளவில்லை. அடுக்கி முடித்த பிறகு, "சனிக்கிழமை உங்களுக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"கல்லாறு வரைக்கும் போணும். அந்த அச்சன் இப்ப அங்ஙனதான் இருக்காரு. டியூஷனுக்கு வர்ற ஒரு பிள்ளைக்க மாமா எஸ்டேட்டுல கிளார்க்கு, அவரு சொன்னாரு. அங்கயும் ஒரு பள்ளிக்கூடம், அங்கயும் சின்ன வயசு டீச்சர்மாரு. துணைக்கு வாங்க."

விடியற்காலையில் கிளம்பி நெடுமங்காடு வழியாக விதுரை வரை பஸ். அங்கிருந்து எஸ்டேட் லாரியின் முன்சீட்டு. பொன்முடி மலையின் அடிவாரத்தில், ஆற்றங்கரைக்கு மேலே ஒரு சின்னக் கோவில். பக்கத்தில் தகரக் கூரை போட்ட பள்ளிக்கூடம். தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகளுக்கானது. அன்று பாட்டுப் பயிற்சி என்பதால் இரண்டு டீச்சர்களும் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் இருபது வயதுகூட நிறைந்திருக்காது போல இருந்தது.

நாங்கள் முற்றத்தில் நிற்பதைப் பார்த்து அச்சன் வெளியே வந்தார். தாடி நரைத்திருந்தது. அவளை அடையாளம் கண்டதும் இறங்கி வந்து, எனக்குப் பழக்கமான அந்தத் தணிந்த குரலில், "மகளே, உள்ளே வா. உட்கார்ந்து பேசலாம்" என்றார்.

அவள் இரண்டு அடி பின்வாங்கினாள். குரல் தாழவில்லை.

"இஞ்சயே பேசலாம். எல்லாரும் கேக்கட்டும்."

கொழுந்து கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். டீச்சர்கள் வாசலுக்கு வந்தார்கள். அவள் தன் ஊரைச் சொன்னாள், வேலை பார்த்த பள்ளிக்கூடத்தைச் சொன்னாள், நடந்ததைச் சொன்னாள். எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அச்சன், "புத்தி சரியில்லாத பெண்" என்று சுற்றி நின்றவர்களிடம் சொன்னார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இவங்களும் அங்கதான் வேலை பாக்குறாங்க. கேட்டுக்குங்க."

வாயைத் திறந்தேன். முதல் தடவை சத்தமே வரவில்லை. பிறகு என் குரல் எனக்கே அந்நியமாக, கிறீச்சென்று வந்தது. "அவ சொல்றது நிஜம். என்னைத் துணைக்குக் கூப்பிட்டா. வராந்தாவுல இருந்தாப் போதும்னா. நான் போகலை."

வாசலில் நின்ற டீச்சர்களில் இளையவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையும் ரிஜிஸ்டர் எழுத வரச் சொல்லியிருக்காரு" என்றாள். "திங்கக்கிழமையில இருந்து."

கூடைக்காரிகளில் வயதான ஒருத்தி கூடையை இறக்கிவைத்துவிட்டு அச்சனுக்கு எதிரே போய் நின்றாள். "நெசமா சாமி?" என்றாள். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த மாதமே அவரை அங்கிருந்து கொண்டுபோய்விட்டார்கள் என்று கிளார்க் எழுதினார். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. அவருக்குத் தண்டனை என்று ஒன்றும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை. அந்த இளைய டீச்சரின் வேலை போகவில்லை. என் வேலையும் போகவில்லை, சிஸ்டர் மட்டும் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். தெற்குத் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருடம் அவள் நாகர்கோவில் பக்கத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். நான் செய்ததை மன்னித்தேன் என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு, அச்சன் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு, அவள் கல்லாற்றில் இறங்கி முகம் கழுவிக்கொண்டாள். ஆற்றங்கரைக் கடையில் புட்டும் கடலையும் வாங்கி, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கி, ரசித்துச் சாப்பிட்டாள். நான் வெறும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்புகிற பஸ்ஸில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனாள். தலை என் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்னதாகக் குறட்டை. முன்னும் பின்னும் முகம் தெரியாத ஆண்கள் நிறைந்த பஸ்ஸில், சாயங்கால வெயிலில், ஒரு பெண் இப்படித் தூங்க முடியுமா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். எனக்கு அப்படி ஒரு தூக்கம் வந்து எத்தனையோ வருடமாகியிருந்தது.

கிழக்கே கோட்டையில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"அவரை விளிச்சு எழுப்பூ அம்மா. வண்டி ஷெட்டுக்குப் போகணும்."

என் தோள் மரத்துப்போயிருந்தது. நான் அசையவில்லை.

"இன்னும் ரெண்டு நிமிஷம் தூங்கட்டும்" என்றேன்.